ஏர் ஃப்ரையரில் காய்கறி: செட்டிநாட்டு அடுப்படிகளிலிருந்து வரும் கேள்விகள்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இப்போது பல வீடுகளில் ஒரு ஏர் ஃப்ரையர் இருக்கிறது. பெரும்பாலும் அது சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த பிள்ளைகள், "எண்ணெயைக் குறையுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். முதல் வாரம் உருளைக்கிழங்கு வறுப்பார்கள். அடுத்த வாரம் பஜ்ஜி போட்டுப் பார்த்து மனம் வெறுப்பார்கள். அதற்குப் பிறகு மிக்சிக்குப் பக்கத்தில் துணி போர்த்திக்கொண்டு அது சும்மா இருக்கும். எங்கள் வீட்டிலும் சில மாதங்கள் அப்படித்தான் இருந்தது. பின்னர் அதை நாள்தோறும் பயன்படுத்தத் தொடங்கியபோது, உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே விடைகளோடு எழுதியிருக்கிறேன். அளவுகள் எல்லாம் ஏறத்தாழ 4 லிட்டர் கொள்ளளவுள்ள கூடைக்கானவை. சூடு செல்சியஸ் டிகிரியில்.

ஏர் ஃப்ரையர் உண்மையிலேயே பொரிக்கிறதா?

இல்லை. பெயர்தான் அப்படி. மேலே ஒரு மின்சூட்டுச் சுருளும் அதற்கு மேல் ஒரு விசிறியும் இருக்கின்றன. சுருளில் சூடான காற்றை விசிறி வேகமாகக் கீழே தள்ள, அது துளையிட்ட கூடைக்குள் இருக்கும் காயைச் சுற்றிச் சுழன்று மீண்டும் மேலே போகிறது. பிலிப்ஸ் நிறுவனம் 2010 இல் இந்தப் பெயரில் ஒரு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது உலகெங்கும் பரவியது. விசிறி வைத்த மின்னடுப்புகள் அதற்கு வெகுகாலம் முன்பே பேக்கரிகளில் இருந்தன. அதைச் சிறிதாக்கி, காற்றின் வேகத்தைக் கூட்டியதே இங்கே புதுமை.

எண்ணெய்ச் சட்டியில் போட்ட துண்டை எண்ணெய் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொண்டு நொடியில் சூடேற்றிவிடுகிறது. காற்றுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால்தான் அதை இவ்வளவு வேகமாக ஓட்ட வேண்டியிருக்கிறது. காயின் மேற்புறத்தில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் போன பிறகே ஏறும். ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் காயிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் கொடுக்கின்றன. பிரான்சு நாட்டு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912 இல் விளக்கியதால் இந்த வினைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆகவே ஏர் ஃப்ரையரில் நடப்பதைச் சுடுதல் என்றோ வாட்டுதல் என்றோ சொல்வதே சரி. பொரித்ததன் சுவையை இதில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். சுட்டதன் சுவையை எதிர்பார்ப்பவருக்கு மனக்குறை வராது.

அப்படியானால் செட்டிநாட்டுச் சமையலில் இதற்கு என்ன வேலை?

நம் காய்ச் சமையலைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் அதில் இரண்டு கட்டங்கள் இருப்பது தெரியும். முதலாவது, காயிலுள்ள நீரை வற்ற வைத்து மேற்புறத்தைச் சுருள வதக்குவது. இரண்டாவது, சோம்பும் மிளகும் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்ந்த மசாலாவை அந்தக் காயில் பிடிக்க வைத்துப் பிரட்டுவது. எண்ணெயையும் நேரத்தையும் அதிகம் விழுங்குவது முதல் கட்டம். சேப்பங்கிழங்கை இருப்புச்சட்டியில் ஒட்டாமல் முறுகலாக்க ஒருவர் அடுப்பருகிலேயே நிற்க வேண்டும். அப்போதும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால்தான் நடக்கும்.

அந்த முதல் கட்டத்தை மட்டும் ஏர் ஃப்ரையரிடம் கொடுத்துவிட்டு, இரண்டாம் கட்டத்தை அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கருவி ஒன்றே முழுச் சமையலையும் செய்ய வேண்டும் என்று நினைத்தவர்கள்தாம் அதைத் துணி போர்த்தி மூடி வைத்திருக்கிறார்கள். காய் கூடைக்குள் வாடிக்கொண்டிருக்கும் 15 நிமிடத்தில், பக்கத்தில் 2 தேக்கரண்டி நல்லெண்ணெயில் தாளித்து, வெங்காயம் வதக்கி, அரைத்த மசாலாவைப் பச்சை வாடை போகச் சுருட்டி வைத்துவிடலாம். காய் வெளியே வந்ததும் அந்த மசாலாவில் கொட்டி இரண்டு பிரட்டு பிரட்டினால் வறுவல் முடிந்தது.

எந்தக் காய்க்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?

கருவிக்குக் கருவி சிறிது மாறும் என்பதால் கீழுள்ளவற்றைத் தொடக்க அளவாகக் கொண்டு, முதல் முறை 3 நிமிடம் முன்னதாகவே திறந்து பாருங்கள். உருளைக்கிழங்கைச் சிறு சதுரங்களாக நறுக்கினால் 190 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். வாழைக்காய் மெல்லிய வில்லைகள் 180 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். நறுக்கியவுடன் கறுக்காமலிருக்க மோர் கலந்த தண்ணீரில் போட்டு, பின்னர் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சேப்பங்கிழங்கைத் தோலோடு முக்கால் பதம் வேகவைத்து, உரித்து, இரண்டாகக் கீறி, 190 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் அதன் ஓரங்கள் வரும் பக்குவம் இருக்கிறதே, அதற்காகவே இந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாம். காலிஃபிளவர் 180 இல் 12 நிமிடம். பாகற்காயை மெல்லிய வளையங்களாக அரிந்து, உப்பில் பிசறிப் பிழிந்து, 170 இல் 15 நிமிடம் வைத்தால் கசப்பு மட்டுப்பட்டு நொறுங்கும் பதத்தில் வரும். பறங்கிக்காய்த் துண்டுகள் 190 இல் 12 முதல் 15 நிமிடம். இனிப்பு ஏறி நன்றாக இருக்கும்.

கொத்தவரங்காய், அவரைக்காய், முருங்கைக்காய் மூன்றையும் இதில் போடாதீர்கள். நார் உள்ள காய்கள் வேகுவதற்கு நீர் வேண்டும். வறண்ட காற்றில் அவை வேகாமல் தோல்போல் வறண்டுவிடும். துவட்டலுக்கு (பொரியலுக்கு) நறுக்கிய கோஸும் அப்படித்தான். ஓரம் கருகும், நடு வேகாது.

வெண்டைக்காய் மண்டிக்கு இது பயன்படுமா?

மிகவும் நன்றாகப் பயன்படும். நான் ஏர் ஃப்ரையரைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொண்டதே மண்டியால்தான். வெளியூரில் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: மண்டி என்பது அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, அதில் காயைக் கொதிக்க வைத்துச் செய்யும் செட்டிநாட்டுத் தொடுகறி. இதில் வெண்டைக்காயின் வழவழப்பு போகாவிட்டால் முழுக் கறியும் கெட்டுவிடும். அதற்காக முன்பெல்லாம் காயை நிறைய எண்ணெயில் நெடுநேரம் வதக்குவார்கள்.

கால் கிலோ பிஞ்சு வெண்டைக்காயை முழுதாகக் கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் 20 நிமிடம் பரப்பி வையுங்கள். நறுக்கிய பிறகு ஒருபோதும் கழுவக் கூடாது. விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, 1 தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கையால் பிசறி, உப்புப் போடாமல் 180 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் கூடையை இழுத்துக் குலுக்கும்போது துண்டுகள் ஒன்றோடொன்று நூல் விட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். பத்தாவது நிமிடத்தில் அதே துண்டுகள் தனித்தனியாக, பச்சை சற்று மங்கி, விளிம்பில் பழுப்புக் கோடு கட்டி, கூடையில் சலசலவென்று உருளும். அந்தச் சத்தம்தான் பதம்.

இதற்கிடையில் அடுப்பில் கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுதாகப் போட்டு வதக்கி, இரண்டாம் முறை அரிசி களைந்த கெட்டித் தண்ணீரில் கரைத்த புளியை ஊற்றி, உப்புப் போட்டுக் கொதிக்க விடுங்கள். பச்சை வாடை போனதும் காயைச் சேர்த்து 5 நிமிடம் கொதித்தால் போதும். முன்பு 4 மேசைக்கரண்டி எண்ணெய் பிடித்த மண்டி, இப்போது எங்கள் வீட்டில் தாளிப்பையும் சேர்த்து ஒன்றரை மேசைக்கரண்டியில் முடிகிறது. மறுநாள் பழைய சோற்றுக்கு அது இன்னும் நன்றாக இருக்கிறது என்பதும் மாறவில்லை.

கருணைக்கிழங்கைப் பச்சையாகவே வைத்தோம், நாக்கு அரித்தது. ஏன்?

கருணையிலும் சேம்பிலும் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு ஊசிபோன்ற நுண்படிகங்களாக இருக்கிறது. அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்துவதால்தான் அரிப்பு. வறண்ட சூட்டில் கிழங்கு சிவந்து வெந்ததுபோல் தோன்றினாலும் அரிப்பு போவதில்லை. நம் வீடுகளில் புளித்தண்ணீரிலோ அரிசி களைந்த தண்ணீரிலோ வேகவைப்பது வெறும் வழக்கம் அன்று. அந்தப் படியை விட்டுவிடக் கூடாது. புளியும் மஞ்சளும் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, நீரை இறுத்து, ஆறவிட்டு, பிறகு 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வையுங்கள்.

மசாலா தடவி வைத்தால் கருகிக் கசக்கிறதே?

மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் ஏற்கெனவே உலர்ந்தவை. அவற்றில் வற்றுவதற்கு நீர் இல்லை. காய் வெந்து சிவக்கும் 15 நிமிடத்தில் தூள் முதல் 6 நிமிடத்திலேயே தன் வேலையை முடித்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் கருகிக்கொண்டிருக்கும். எனவே தொடக்கத்தில் மஞ்சள்தூளும் எண்ணெயும் மட்டும் போதும். மிளகாய்த்தூளை 1 தேக்கரண்டி எண்ணெயில் குழைத்து வைத்துக்கொண்டு, கடைசி 4 நிமிடம் இருக்கும்போது காயில் புரட்டி, சூட்டை 160 ஆகக் குறைத்து வையுங்கள். தயிரிலோ கடலைமாவிலோ குழைத்த மசாலா கருகுவது குறைவு. ஆனால் அது சென்னை உணவகத்துச் சுவையாகிவிடும் என்பது என் கருத்து. கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ ஆகியவற்றைக் கூடைக்குள் போடுவதில் எந்தப் பயனும் இல்லை. அவற்றின் மணம் எண்ணெயில் கரைந்துதான் வெளிவரும். காற்றில் போனால் வீடு மணக்கும், கறி மணக்காது.

இதில் தாளிக்க முடியுமா?

பக்கத்து வீட்டு ஆச்சி கருவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "ஏத்தா, இதுல கடுகு வெடிக்குமா?" என்றுதான். வெடிக்காது. கடுகு கூடைத் துளைகளில் கீழே விழும். கறிவேப்பிலை பறந்துபோய்ச் சுருளில் ஒட்டிக்கொண்டு கருகும். தாளிப்புக் கரண்டியைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

வாழைப்பூக் கோலா, பஜ்ஜி, பணியாரம் இவையெல்லாம் வருமா?

மூன்றுக்கும் மூன்று விதமான விடை சொல்ல வேண்டும். வாழைப்பூக் கோலா ஓரளவு வரும். ஊறவைத்த கடலைப்பருப்பைச் சோம்பு, வரமிளகாயோடு தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, வதக்கிய வாழைப்பூவோடு பிசைந்து, எலுமிச்சை அளவுக்கும் சிறிதாக உருட்டி, ஒவ்வோர் உருண்டையின் மேலும் எண்ணெய் தடவி, 180 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம் வையுங்கள். பாதியில் ஒரு முறை திருப்பி, மறுபடியும் எண்ணெய் தொட்டுத் தடவ வேண்டும். தடவாவிட்டால் வெடிப்பு விடும். சூடாகச் சாப்பிட்டால் நல்ல கோலாதான். அரைமணி நேரம் போனால் உள்ளே வறண்டு, நெஞ்சை அடைக்கும். ஆகவே பந்திக்கு ஆகாது, வீட்டுக்கு ஆகும்.

பஜ்ஜி வராது. தளர்ந்த மாவு எண்ணெயில் விழுந்த கணத்தில் உறைந்துவிடுவதால்தான் பஜ்ஜிக்கு வடிவம் கிடைக்கிறது. காற்றில் அது உறைவதற்குள் துளைகள் வழியாக வழிந்து அடித்தட்டில் வெந்து கிடக்கும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம் ஆகியவையும் எண்ணெய்க்கென்றே பிறந்தவை. அவற்றைக் காற்றில் செய்து பார்த்து, "கிட்டத்தட்ட அதேபோல் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்வதைவிட, மாதத்துக்கு ஒரு முறை நல்ல எண்ணெயில் நான்கு மட்டும் சுட்டுச் சாப்பிடுவது மேல் என்று நான் நினைக்கிறேன்.

வற்றலும் மோர்மிளகாயும் அப்பளமும்?

மோர்மிளகாய்க்கு இது மிகவும் பொருந்தும். அரைத் தேக்கரண்டி எண்ணெயில் பிசறி 160 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம். எண்ணெய்ச் சட்டியில் வறுக்கும்போது வீடு முழுவதும் எழும் காரமும் இருமலும் இதில் பெரிதும் குறைகின்றன. சுண்டைக்காய் வற்றல், கொத்தவரை வற்றல், கத்தரி வற்றல் ஆகியவற்றுக்கும் அதே சூடு, அதே நேரம். ஆனால் கடிகாரத்தை நம்பாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். வற்றல் சிவப்பதற்கும் கருகுவதற்கும் இடையில் அரை நிமிடம்தான் இருக்கிறது.

அப்பளம் எடை இல்லாதது. ஒரு மாலை நான் இரண்டு அப்பளங்களைக் கூடையில் வைத்து இயக்கிவிட்டு வந்தேன். ஒன்று விசிறிக் காற்றில் எழும்பிச் சுருளில் ஒட்டித் தீய்ந்து, அடுப்படி முழுவதும் புகை நிறைந்தது. சுருள் ஆறிய பிறகு அதைச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வைக்கத்தான் வேண்டுமென்றால் மேலே சிறு கம்பித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு தணல் அடுப்போ காஸ் அடுப்புச் சுடரோ அப்பளத்தை அரை நிமிடத்தில் சுட்டுத் தரும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பது வேறு.

வற்றலை இதிலேயே உலர்த்தலாமா என்றும் கேட்கிறார்கள். 60 முதல் 70 டிகிரிக்கு இறங்கும் கருவிகளில் மணிக்கணக்கில் வைத்தால் உலரும்தான். சித்திரை வெயில் காயும் மொட்டைமாடி இருக்கும் ஊரில் அதற்கு மின்சாரம் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

கோசமல்லிக்குக் கத்தரிக்காயைச் சுடலாமா?

தாராளமாகச் சுடலாம். முழுக் கத்தரிக்காயில் கத்தி முனையால் ஐந்தாறு இடத்தில் குத்தி, எண்ணெய் தடவி, 200 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம் வையுங்கள். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைபட்டுக் காய் வெடித்துவிடும். தோல் சுருங்கி, காம்பைப் பிடித்துத் தூக்கினால் காய் தொய்ந்து தொங்க வேண்டும். கரி அடுப்பில் சுட்டதன் புகை மணம் இதில் கிடைக்காது. ஆனால் தண்ணீரில் வேகவைத்து மசிப்பதைவிடச் சுவை கெட்டியாக இருக்கும். பிறகு வழக்கம்போல் உரித்து மசித்து, புளிக்கரைசலில் சேர்த்துத் தாளித்துக்கொள்ளுங்கள். இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் சரியாக இருக்கும்.

எண்ணெயே இல்லாமல் செய்யலாமா? எந்த எண்ணெய் நல்லது?

செய்யலாம், ஆனால் நான் சொல்லமாட்டேன். எண்ணெயின் மெல்லிய படலம் காற்றின் சூட்டைக் காயின் மேற்பரப்பு முழுவதும் சீராகக் கொண்டு சேர்க்கிறது. அது இல்லாவிட்டால் காய் சிவக்காமல் வறண்டு, மாவு பூத்ததுபோல் வெளிறும். அதோடு கேரட், பறங்கிக்காய் ஆகியவற்றிலுள்ள கரோட்டின் உடலில் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். கால் கிலோ காய்க்கு 1 தேக்கரண்டி எண்ணெய் போதுமானது. அதில் ஏறத்தாழ 40 கலோரிதான் இருக்கிறது.

செக்கு நல்லெண்ணெயும் செக்குக் கடலை எண்ணெயும் சுத்திகரித்த எண்ணெயைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும். 180 டிகிரிவரை, அதுவும் இவ்வளவு சிறிய அளவில், எங்கள் வீட்டில் சிக்கல் வந்ததில்லை. 200 க்குப் போகும்போது மட்டும் சுத்திகரித்த கடலை எண்ணெயைத் தொட்டுக்கொள்கிறேன். கடைகளில் அழுத்திப் பீய்ச்சும் டப்பாக்களில் வரும் எண்ணெயைக் கூடையில் அடிக்க வேண்டாம். அதில் சேர்க்கும் பொருட்கள் கூடையின் பூச்சில் பிசினாகப் படிந்து அதைக் கெடுக்கும். காயைத் தனிப் பாத்திரத்தில் எண்ணெய் விட்டுக் கையால் பிசறுவதைவிடச் சிறந்த முறை ஒன்றும் இல்லை.

இது உடலுக்கு நல்லதா? புற்றுநோய் வரும் என்கிறார்களே?

எண்ணெயில் மூழ்க வைத்துப் பொரித்ததோடு ஒப்பிட்டால் கொழுப்பு வெகுவாகக் குறைகிறது என்பது உண்மை. ஆவியில் வேகவைத்த காயோடு ஒப்பிட்டால் எந்த மேன்மையும் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: உருளைக்கிழங்கில் எண்ணெய் குறைந்தாலும் மாவுச்சத்து அப்படியேதான் இருக்கிறது. "ஏர் ஃப்ரையரில் செய்ததுதானே" என்று சொல்லி இரண்டு பங்கு சாப்பிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புற்றுநோய் பற்றிய பேச்சு அக்ரிலமைடு என்னும் பொருளைப் பற்றியது. மாவுச்சத்துள்ள உணவை ஏறத்தாழ 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதும் சுடும்போதும் பொரிக்கும்போதும் அது உண்டாகிறது என்பதை 2002 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். விலங்குகளிடம் செய்த சோதனைகளில் அது புற்றுநோயை உண்டாக்கியது; பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994 இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் சேர்த்திருந்தது. இது ஏர் ஃப்ரையருக்கு மட்டும் உரிய குறை அன்று. எண்ணெய்ச் சட்டிக்கும் தோசைக்கல்லுக்கும் பொருந்தும். செய்யக்கூடியது எளிது: நறுக்கிய உருளைக்கிழங்கை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துடைத்துப் பயன்படுத்துங்கள், பொன்னிறத்தில் நிறுத்துங்கள், காப்பி நிறத்துக்குப் போக விடாதீர்கள். முறுகல் பிரியர்கள் வருந்துவார்கள், வேறு வழியில்லை.

பழைய வீட்டு மின்இணைப்பு இதைத் தாங்குமா?

இதைத்தான் வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலான கருவிகள் 1400 முதல் 1700 வாட் வரை இழுக்கின்றன. 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர் வருகிறது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட சிறிய பிளக் அதற்கானது அன்று. நம் ஊரில் வளவு (நடு முற்றம்) வைத்த வீடுகளில் தேக்குத் தூணும் தரையில் ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே இருக்கும். ஒயர் மட்டும் எப்போது இழுத்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் கட்டு அடுப்படியில் பெரிய பிளக் இல்லாததால், நாங்கள் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினோம். மூன்றாம் நாள் ரப்பர் தீயும் வாடை வந்தது; பார்த்தால் பெட்டியின் துளை உருகி, பிளக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மின்பணியாளரை அழைத்து, மெயினிலிருந்து தனி ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக் போட்ட பிறகே மீண்டும் தொட்டோம். உங்கள் வீட்டிலும் அதை முதலில் செய்யுங்கள்.

மின்செலவு அவ்வளவு இல்லை. 1500 வாட் கருவி 20 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் அரை யூனிட். குறித்த சூடு வந்ததும் சுருள் விட்டுவிட்டு எரிவதால் உண்மையில் அதற்கும் குறையும். பின்புறம் சூடான காற்று வெளியேறுவதால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

எத்தனை பேருக்குச் செய்யலாம்?

4 லிட்டர் கூடையில் ஒரு முறைக்கு 300 முதல் 400 கிராம் காய்தான் ஒழுங்காக வேகும். தொடுகறியாக நாலு பேருக்குச் சரி. படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் விருந்துக்கும்) விசேஷத்துக்கும் இதை நினைக்கவே வேண்டாம்.

சொன்னபடி செய்தும் மொறுமொறுப்பு வரவில்லை. எங்கே தவறு?

பத்தில் ஒன்பது முறை கூடையை நிரப்பியதுதான் காரணம். காய்கள் குவிந்து கிடந்தால் அடியில் உள்ளவற்றின் ஆவி மேலே உள்ளவற்றை நனைக்கும். அப்போது உள்ளே நடப்பது வறுவல் அன்று, இட்லிப்பானை வேலை. ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு முறையாகச் செய்யுங்கள். அடுத்த காரணம் ஈரம்: கழுவிய காயைத் துடைக்காமல் போட்டால் முதல் 5 நிமிடம் அந்தத் தண்ணீரை வற்றச் செய்வதிலேயே போய்விடும். உப்பும் அப்படித்தான், முன்னதாகப் போட்டால் காயிலிருந்து நீரை இழுத்து வெளியே விடும். வெண்டைக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் கடைசியில் போடுங்கள். பாகற்காயில் மட்டும் அந்த நீரை வேண்டுமென்றே வரவழைத்துப் பிழிகிறோம். காய் போடும் முன் 3 நிமிடம் வெறுங்கூடையைச் சூடேற்றுவதும் உதவும்.

கூடையை எப்படிச் சுத்தம் செய்வது?

சூடு ஆறியதும் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, மெத்தென்ற பஞ்சால் தேயுங்கள். இரும்பு நார், சாம்பல், தேங்காய் நார் மூன்றும் கூடாது. பெரும்பாலான கூடைகளில் ஒட்டாப் பூச்சு இருக்கிறது. அது 260 டிகிரிக்கு மேல்தான் சிதையத் தொடங்கும் என்பதால் 200 டிகிரிச் சமையலில் அச்சமில்லை. கீறல் விழுந்து உரியத் தொடங்கிய கூடையை மட்டும் மாற்றிவிடுங்கள். மஞ்சள் கறை முழுதாகப் போகாது. எங்கள் கூடை நிரந்தரமாக மஞ்சள் பூசியே இருக்கிறது. மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, கருவியைக் கவிழ்த்து, சுருளை ஈரத்துணியால் துடையுங்கள். புகை வரும் கருவிகள் பலவற்றில் அங்கே படிந்த எண்ணெய்தான் காரணம்.

நேற்று மிஞ்சிய வறுவலை இதில் சூடாக்கலாமா?

குளிர்ப்பெட்டியில் வைத்து நமத்துப்போன உருளைக்கிழங்கு வறுவலையும் சேப்பங்கிழங்கு வறுவலையும் 160 டிகிரியில் 4 நிமிடம் வைத்தால், செய்த அன்று இருந்ததில் முக்கால் பங்கு முறுகல் திரும்பிவிடும். புதிதாக எண்ணெய் விட வேண்டாம். ஏற்கெனவே இருப்பதே கசிந்து மேலே வரும். கறிவேப்பிலையை மட்டும் முன்னதாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, தட்டில் போட்ட பிறகு மேலே தூவிக்கொள்ளுங்கள்.